நிழலில் நின்று சொன்ன கதை

புதிதாக உரிமம் வாங்கி, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பினாங்கின் ஜார்ஜ்டவுன் தெருக்களில் இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளே,

இந்த ஊரில் சுற்றுலா வழிகாட்டியாகக் காலம் தள்ளி ஓய்ந்தவள் என்பதால் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி நம் வழிகாட்டிகள் சங்கத்தில் கேட்டார்கள். கூட்டத்தை வெயிலில் சுருண்டு விழாமல் நடத்திப்போவது, காணாமல்போன பயணியைத் தேடிப் பிடிப்பது, சாப்பாட்டில் குறை சொல்கிறவரைச் சமாளிப்பது எல்லாம் கொஞ்ச நாளில் உங்களுக்குத் தானாக வந்துவிடும். வராதவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வீர்கள். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, காசிம் பாய் என்ற ஒரு கிழவரைப் பற்றிச் சொல்கிறேன். சுகமான கதை இல்லை. பாதியில் மூடிவைக்க நினைப்பவர்கள் இப்போதே மூடிவிடலாம்.

நாங்கள் தொழிலுக்கு வந்தபோது நாங்கள் சொன்னதுதான் வேதம். பயணிகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நீங்கள் வரும்போது ஒவ்வொரு பயணியின் கையிலும் இன்னொரு வழிகாட்டி இருக்கிறான். எதைத் தட்டினாலும் முதலில் வந்து நிற்குமே, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற அந்த இணையக் கலைக்களஞ்சியம், அதைத்தான் சொல்கிறேன். அதன்மேல் எனக்குப் பகை கிடையாது. ஒரு தடவை ஒரு பழைய கட்டடத்தைக் கட்டியவரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். பின்வரிசையில் நின்ற பெண் கைபேசியைப் பார்த்துத் திருத்தினாள். அவள் சொன்னதுதான் சரி. கூட்டத்தின் முன்னால் அசடு வழிந்தேன். அதற்குப் பிறகு நானும் கிளம்புவதற்குமுன் அதை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத்தான் வீட்டைவிட்டு இறங்குவேன். சம்பளம் வாங்காமல் யார் யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள், பெரும்பாலும் ஒழுங்காகவே எழுதுகிறார்கள். அதுதான் ஆபத்து. அடிக்கடி பொய் சொல்கிறவனை யாரும் நம்பப்போவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது.

கிள்ளானிலிருந்து வந்த ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றை நடத்திக்கொண்டு போனேன். நல்ல கூட்டம். கேள்வி கேட்பார்கள், நேரத்துக்குப் பேருந்துக்குத் திரும்புவார்கள். பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு சின்ன லோரோங்கில், அதாவது சந்தில், நுழைந்தோம். பெயரைச் சொல்லமாட்டேன்; சொன்னால் நாளைக்கே நீங்கள் அங்கே போய் நிற்பீர்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லோரும் ஒரு வீட்டு முன்னால் கூரைபோட்ட ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கினோம். பச்சை ஜன்னல், பூ வேலைப்பாடு செய்த தூண், பார்க்க லட்சணமான வீடு. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கத்தான் நின்றோம்.

ஓர் இளம் ஆசிரியர் கைபேசியை நிமிர்த்திப் பிடித்து வீட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா, இதுதானே அந்த வீடு? நீங்க சொல்லவே இல்லையே?”

“எந்த வீடு, தம்பி?”

“இங்க போட்டிருக்கே, படத்தோட. ஜப்பான் காலத்துல ஆள் காட்டிக் கொடுத்த வியாபாரியோட வீடு.” சொல்லிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினார்.

ஜப்பான் காலம் என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குச் சொல்லவேண்டியிருக்கலாம். ஜப்பானியர்கள் இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்த யுத்த வருஷங்கள். ஆட்களைத் தெருவில் வரிசையாக உட்காரவைப்பார்கள். கோணிச் சாக்கைத் தலையில் மாட்டி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒருவன் வரிசையைப் பார்த்துக்கொண்டே வருவான். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவனை லோரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. பினாங்கில் பழைய குடும்பம் எதைத் தொட்டாலும் அப்படிப் போன ஒருவர் இருப்பார். ஆகவே ஒருவரை ஆள் காட்டி என்று சொல்வது இங்கே வாய்க்கு வந்த வசவு இல்லை.

தம்பி வாசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பி, கைலி, எண்பதைத் தாண்டிய உடம்பு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

“நிறுத்திட்டீங்களே தம்பி. படிங்க. காது கொஞ்சம் மந்தம், சத்தமா படிங்க” என்றார்.

அந்த ஆசிரியர் கைபேசியைக் கீழே இறக்கினார்.

“எங்க வாப்பாவைப் பத்தித்தான் போட்டிருக்கான். மகன் கேக்கக்கூடாதா?” என்று சொல்லிவிட்டு என் கழுத்து அட்டையைப் பார்த்தார். “நீங்கதானேம்மா கைடு? நீங்க சொல்லுங்க. நெசமா அது?”

இந்தத் தொழிலில் உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். ஒரு பக்கம் காசு கொடுத்து வந்தவர்கள், ஒரு பக்கம் ஒரு மனிதர், நடுவில் நீங்கள். நிஜம் என்றால் கொலை, பொய் என்றால் எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்: “எனக்கு இந்த வீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது பாய். தெரியாத வீட்டு முன்னால இவங்கள நிறுத்தினது என் தப்பு.” கூட்டத்தை அழைத்துக்கொண்டு நகர்ந்தேன். அந்த இளம் ஆசிரியர் மற்ற இடங்களில் கைபேசியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஓர் அம்மாள் மட்டும் கிழவரை நாற்காலியோடு படம் எடுத்துவிட்டிருந்தாள். அழிக்கச் சொன்னேன். அழித்ததாகச் சொன்னாள்.

மறுநாள் தனியாகப் போனேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. காசிம் பாயின் மகள் ஹமீதா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“இன்னிக்கு எத்தனை பேரு?” என்று கேட்டாள்.

தனியாகத்தான் வந்தேன் என்று காட்டிய பிறகே உள்ளே விட்டாள். கொஞ்ச காலமாகவே இப்படித்தானாம். வருவார்கள், படம் எடுப்பார்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். காசிம் பாயின் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கோணிச் சாக்கு கிடந்திருக்கிறது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி வைத்திருந்தார்களாம். வாப்பா பார்ப்பதற்குள் எடுத்து எரித்துவிட்டதாகச் சொன்னாள்.

“பார்த்துட்டேன்” என்றார் காசிம் பாய், சுவரைப் பார்த்தபடி.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஜப்பான்காரன் வந்தபோது அவர் கைக்குழந்தை. வாப்பா ஒரு நாள் வெளியே போனவர் திரும்பவில்லை. உம்மா அதைப் பற்றி வாயே திறக்காமல், அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வளர்த்த பெரியம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஜப்பான்காரன் பிடித்துப்போய்விட்டான் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் அது போதுமானதாக இருந்தது.

அதைவிட அவரை அரித்தது வேறொன்று. தினமும் காலையில் பக்கத்துத் தெருக் கோப்பிக் கடையில் முத்தையா அண்ணன் என்பவரோடு உட்கார்ந்து தே தாரிக் குடிப்பது அவர் வழக்கம். முத்தையா அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சின்ன வயதிலிருந்தே பழக்கம். முத்தையா அண்ணனின் அப்பாவையும் ஜப்பான்காரன் கொண்டுபோனான், திரும்பவில்லை. இந்த இணையப் பக்கம் ஊரில் பரவியதிலிருந்து முத்தையா அண்ணன் வேறு மேசையில் உட்காருகிறார்.

“ஒண்ணும் கேக்கல அவன். கேட்டிருந்தா பரவால்லம்மா. திட்டியிருந்தாக்கூட பரவால்ல” என்றார் காசிம் பாய். பிறகு என்னிடம் கேட்டார்: “எங்க வாப்பா அப்படிப்பட்ட ஆளா இருந்திருப்பாரோ?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கவலைப்படாதீங்க பாய், அந்த வரியை எடுத்திரலாம்” என்றேன். அவர் கேட்டது ஒன்று, நான் பிடித்துக்கொண்டது வேறொன்று. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தர்ஷினி என் பக்கத்து வீட்டுப் பெண். கெட்டிக்காரி. கணினியைத் திறந்தாள், அந்த வரியையும் படத்தையும் எடுத்தாள், எனக்குக் காட்டினாள். இவ்வளவுதானா என்று நினைத்தேன். சாயங்காலம் பார்த்தால் வரி பழையபடி அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. யாரோ, எந்த ஊரோ, திருப்பிப் போட்டுவிட்டார். ஆதாரமுள்ள செய்தியைக் காரணமில்லாமல் நீக்கக்கூடாது என்று ஒரு குறிப்பு வேறு. குடும்பத்தார் மறுக்கிறார்கள் என்று தர்ஷினி எழுதினாள். பதில் மரியாதையாகத்தான் வந்தது.

“சொந்தக்காரங்க சொல்றத எடுத்துக்க மாட்டாங்க லா, அக்கா. எங்கயாச்சும் அச்சுல வந்திருக்கணும்” என்றாள். “அச்சுல வந்த ரெண்டும் நமக்கு எதிராத்தான் இருக்கு.”

அந்த இரண்டும் என்ன என்று பார்த்தோம். ஒன்று, ஓர் ஆங்கில நாளேட்டின் வார இறுதிக் கட்டுரை. வாசித்துக்கொண்டே போன தர்ஷினி நிறுத்திவிட்டாள். கட்டுரையில் இருந்த வாக்கியங்கள் அந்தக் கலைக்களஞ்சியத்தில் அதற்கு முன்பே இருந்தவை. பழைய பதிப்புகளை எடுத்துப் பார்க்க முடியும் என்பதால் அவளால் அதைக் காட்ட முடிந்தது. நிருபர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்; பிறகு அங்கே இருந்தவர்கள் நிருபர் எழுதியதையே ஆதாரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவனுக்கு அவன் சாட்சி, அவனுக்கு இவன் சாட்சி. தர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது, ஒரு வெள்ளைக்காரர் எழுதிய பயணப் புத்தகம். பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. பச்சை ஜன்னல் வீட்டின் படம் இருந்தது. ஒலிபெருக்கி தேவையில்லாத குரல் கொண்ட வழிகாட்டி ஒருவர் தங்களை அங்கே நிறுத்தி, சாக்கு முகமூடி போட்ட வியாபாரியின் கதையைச் சொன்னார் என்று எழுதியிருந்தார். வாசித்த உடனே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. நம்மவர்தான். பெயர் வேண்டாம். எங்கள் காலத்தில் அவரை மைக் அண்ணன் என்போம். அவர் கதை சொன்னால் சீன முதலாளிகள் கடையை விட்டு வெளியே வந்து கேட்பார்கள். எனக்கே அவர்மேல் பொறாமை உண்டு.

பெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போனேன். மைக் அண்ணன் அங்கே தன் மகன் வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், கோப்பி போடச் சொன்னார், பழைய கதைகள் பேசினார். புத்தகத்தைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன்.

“இந்த வீடா? இந்த வீட்டப் பத்தி நான் எதுவும் சொன்னதில்லையே” என்றார். நடிப்பில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டினார். “அட, அந்த எதிர் வீட்டுக் கதை! இடிச்சுட்டாங்க லா அத. இப்ப அங்க காரு, காடி நிறுத்துறாங்க. மொட்ட வெயிலு. வெள்ளைக்காரங்கள அங்க நிறுத்தினா மயக்கம் போட்டு விழுவாங்க. அதான் எதிர்ல இந்த ஐந்தடியில நெழல்ல நிறுத்தி, கைய அந்தப் பக்கம் காட்டிச் சொல்லுவேன்.”

“கைய யாரு பார்த்தா அண்ணே? வெறும் காடி நிக்கிற இடத்த யாரு படம் எடுப்பா? திரும்பி நின்னு இந்த வீட்டத்தான் எடுத்திருக்காங்க.”

அவர் புத்தகத்தை வாங்கிப் படத்தை மறுபடி பார்த்தார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் இதை நாம் எல்லோரும் செய்கிறோம். நாமெல்லாம் கதைக்கு இடம் பார்ப்பதில்லை, கூட்டத்துக்கு இடம் பார்க்கிறோம். நிழல் எங்கே, பேருந்து எங்கே நிற்கும், கழிவறை எங்கே என்று பார்த்துவிட்டு, கதையை அங்கே இழுத்துக்கொண்டு வருகிறோம். வேறெந்தத் தொழில்காரனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அந்த வெள்ளைக்காரர் பொய் எழுதவில்லை. அதைப் பார்த்துக் கலைக்களஞ்சியத்தில் போட்டவரும் பொய் எழுதவில்லை. புத்தகத்தின் பெயரைக்கூட ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். அதைத் தமிழில் பெயர்த்த புண்ணியவான் ஒரு வார்த்தை பிசகாமல் பெயர்த்திருக்கிறார். எல்லோரும் யோக்கியர்கள். ஒரு கிழவரின் வாசலில் சாக்கு கிடக்கிறது.

“சரி, அந்த இடிச்ச வீட்டுக் கதைய உங்களுக்கு யாரு சொன்னா?” என்று கேட்டேன்.

“திரிஷா மிதிக்கிற ஒருத்தர் சொன்னாருன்னு ஞாபகம். பேரு மறந்துபோச்சு. எல்லாரும் சொல்லிக்கிட்டதுதான்லா.”

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும், சங்கத்து மலரில் வெளியிடலாம், அச்சில் வந்தால் அது ஆதாரம் ஆகிவிடும் என்றேன். தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷம் சேர்த்த பேர் என்ன ஆவது என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்க பேரு பெருசா, அவரு அப்பா பேரு பெருசா என்று கத்திவிட்டேன். மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கடைசியில் எழுதித் தந்தார். ஆனால் சங்கத்தில் ஆண்டுக்கூட்டம் முடியட்டும் என்றார்கள், பிறகு பெருநாள் வந்தது, பிறகு மலர்க்குழுவில் இருவருக்குள் மனஸ்தாபம். நான் விடாமல் தொலைபேசியில் எல்லோரையும் பிய்த்தெடுத்தேன். அந்த வரியைத் தினமும் பார்ப்பது எனக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது. பல் விலக்குவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்ப்பேன்.

அந்த வரி இப்போது இல்லை. மலர் வெளிவந்தது, தர்ஷினி அதைக் காட்டி வாதாடினாள், எடுத்துவிட்டார்கள். படமும் போய்விட்டது. இது பின்னால் நடந்தது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடிந்ததுபோல் தோன்றும்.

மலர் வருவதற்கு முன்பே ஹமீதா கூப்பிட்டாள். வாப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்றாள். போனேன். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார்.

“ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?”

எனக்கு ஒரே பெருமிதம். மைக் அண்ணன் கதையைச் சொன்னேன். நிழலைச் சொன்னேன், காடி நிறுத்துமிடத்தைச் சொன்னேன், வீடு மாறிப்போனதைச் சொன்னேன், சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“வீடு மாறிப்போச்சு. சரி” என்றார். “ஆளு?”

“என்ன பாய்?”

“அந்த ஆளு யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுல்ல. அப்ப எங்க வாப்பா இல்லன்னு மட்டும் எப்படிம்மா சொல்றது? நான் மொகமே பார்த்ததில்லையே.”

பொய்யைத் துரத்திக்கொண்டு ஓடியதில் உண்மையைத் தேட நான் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அந்த வரி கெடுத்தது அவர் பேரை மட்டுமில்லை. அவருக்குத் தன் வாப்பாமேல் இருந்த நம்பிக்கையையே அரித்துத் தின்றிருந்தது. அதைத் திரையில் அழித்துத் திருப்பித் தர முடியாது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு முத்தையா அண்ணன் நினைவு வந்தது. வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சியாவது கேட்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் கோப்பிக் கடைக்குப் போனேன். முத்தையா அண்ணன் ஓரத்து மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வற்றிய உடம்பு, ஆனால் பிடி விடாத பார்வை. யாரென்று சொல்லிக்கொண்டு, காசிம் பாய் படுத்திருப்பதைச் சொன்னேன்.

“தெரியும்” என்றார்.

“அந்த வீட்டுப் படம் தப்பா வந்திருச்சு அண்ணே. கைடுங்க பண்ணின கோளாறு. அவங்க அப்பா அப்படிச் செஞ்சாருன்னு ஒரு சாட்சியும் இல்ல.”

“தெரியும்மா” என்றார் மறுபடியும். “அவன் வாப்பா செய்யல.”

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

“எங்கப்பாவ ஏத்தின லோரியிலதான் அவரையும் ஏத்தினாங்க. ஒரே கயித்துல ரெண்டு பேரையும் கட்டியிருந்தாங்க. எங்கம்மா லோரி பின்னாலயே ஓடுனாங்க. சாகுற வரைக்கும் சொல்லுவாங்க, பக்கத்துல காசிமோட வாப்பாவும் உக்காந்திருந்தாரு, அவருதான் எங்கப்பாவுக்குத் தண்ணி குடுன்னு சத்தம் போட்டாருன்னு.”

“இத காசிம் பாய்கிட்ட சொன்னதே இல்லையா நீங்க?”

“அவனுக்குத் தெரியும்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சேன். அவங்க உம்மா சொல்லியிருக்கும்னு. அதெல்லாம் யாரும்மா பேசுவா? பந்து வெளாட்டு பேசுவோம், பசார்ல மீன் வெல பேசுவோம்.”

“அப்புறம் ஏன் அண்ணே வேற மேசைக்குப் போனீங்க?”

கடைக்காரர் வந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனார்.

“பேரன் படிச்சுக் காட்டினான். வீட்டுப் படம், கீழ நம்பரு, எந்தப் புத்தகம், எந்தப் பேப்பரு, எல்லாம் போட்டிருந்துச்சு. எங்கம்மா எழுதப் படிக்கத் தெரியாதவங்க. அழுதுக்கிட்டு ஓடினவங்க. ஒருவேள அம்மா சரியாப் பார்க்கலியோன்னு நெனச்சுட்டேன். உலகமே பாக்குறதுல்ல அது?”

இதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் வந்தது கோபமா, பரிதாபமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. இந்தத் தீவில் அந்த லோரியைப் பார்த்தவளின் மகன் இவர் ஒருவர்தான். நான் பெர்ரி ஏறி, புத்தகக் கடை ஏறி, சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் இவர் அடுத்த தெருவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வந்து கேட்கவில்லை. ஏனென்றால் இவர் சொல்வது அச்சில் வந்தது இல்லை. இதைக் கொண்டுபோய் எங்கேயும் ஆதாரமாகப் போட முடியாது. காசிம் பாய்க்கு மட்டும் போதுமானது. பிற்பாடு தர்ஷினியிடம் கேட்டபோது அவளும் அதையே சொன்னாள், முத்தையா அண்ணன் சொன்னதை அங்கே சேர்க்க வழியில்லையாம்.

“எழுந்திருங்க அண்ணே, இப்பவே வந்து சொல்லுங்க” என்றேன்.

உடனே எழுந்துவிட்டார். அதைச் சொல்லவேண்டும். சட்டையைக்கூட நேராக்காமல் எனக்கு முன்னால் நடந்தார். என்ன சொல்லவேண்டும் என்று வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தார். லோரோங்கில் திரும்பியதும் பச்சை ஜன்னல் வீட்டு ஐந்தடி முழுக்கச் செருப்புகள். கதவு விரியத் திறந்திருந்தது. முத்தையா அண்ணன் நின்றுவிட்டார். நான்தான் அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

காசிம் பாய் விடிவதற்கு முன்னால் மவுத்தாகிவிட்டார். குளிப்பாட்டிக் கபன் உடுத்தி முடித்திருந்தார்கள். ஹமீதா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். முத்தையா அண்ணனைப் பார்த்து, “வாங்க மாமா” என்றாள். அவ்வளவு மாதம் கழித்து வந்தவரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். லோரியைச் சொன்னார், கயிற்றைச் சொன்னார், தண்ணீர் கேட்டுச் சத்தம் போட்டதைச் சொன்னார், தன் அம்மா ஓடியதைச் சொன்னார். எதையும் விடவில்லை. “உங்க தாத்தா நல்ல மனுசன்மா” என்று முடித்தார். சுற்றியிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். ஹமீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கடைசி வார்த்தைவரை கேட்டாள்.

“ராத்திரி பூரா அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றாள். “பார்த்தவங்க யாராச்சும் இருப்பாங்களா, யாராச்சும் ஒருத்தர் இருப்பாங்களான்னு. நான் யாருமில்ல வாப்பா, தூங்குங்கன்னேன்.” பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நேத்து வந்திருக்கக்கூடாதா மாமா?”

முத்தையா அண்ணன் உள் கதவைப் பார்த்தார். அவருக்காக நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆயுசு முழுக்க இந்த ஊரைப் பற்றிப் பேசியே பிழைத்தவள். ஒரு வார்த்தை வரவில்லை. உள்ளேயிருந்து ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் இருவரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டோம்.